கொப்பளிக்கும் வெந்நீரில் நான் ஊற்றியது

என் வயது இருபத்தொன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அச்சகத்து மாடியில் குடியிருக்கிறேன். செல்போன் பழுது பார்க்கிறேன். கூப்பிடும் பெயர் ‘ரிப்பீட்டு’. மேடைப் பாடகர் அண்ணனின் ரசிகர் பக்கத்தை நான்கு வருடமாக நடத்துகிறேன். கச்சேரி நாட்களில் அவருடைய சட்டையும் தண்ணீரும் என் பொறுப்பு.

அண்ணன் குடியை விட்டு நேற்றோடு நாற்பது நாள். தினமும் அந்த நாள் கணக்கை ரசிகர் பக்கத்தில் போட்டு வந்தேன். இருபது நாளாக அவர் உடம்பிலும் வாயிலும் அழுகிய பூண்டு வாடை வந்தது. சட்டையை மூன்று முறை துவைத்தும் போகவில்லை. தபேலாக்காரர், “டேய் ரிப்பீட்டு, உங்க தலைவர் குடியோட சேத்து குளிக்கிறதையும் விட்டுட்டாரா?” என்று சிரித்தார். அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மாலை ஐந்தரைக்கு, கூடப் பாடும் அக்கா அவர் பக்கத்தில் நிற்க முடியாது என்றார். அதன் பிறகு நான் கடையில் வாய் கொப்பளிக்கும் புதினா மருந்து வாங்கிவந்து, அவருடைய வெந்நீர் பிளாஸ்கில் முக்கால் பாட்டில் ஊற்றினேன். அண்ணன் கொப்பளித்துவிட்டுக் கடைசி இரண்டு மடக்கை விழுங்கித்தான் மேடை ஏறுவார். அது எனக்குத் தெரியும். அதன் பிறகு கழுத்தெல்லாம் செண்ட் அடித்தேன். “என்னடா, மாப்பிள்ளையாக்கி அனுப்புறியா?” என்றார்.

முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் அவர் முகம் செங்கல்லாகச் சிவந்தது. நெஞ்சைப் பிடித்தார், வாந்தி எடுத்தார், விழுந்தார். “மறுபடி ஊத்திக்கிட்டு வந்துட்டான்யா!” என்று கூட்டம் கத்தியது. படம் பிடித்தார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் எவ்வளவு குடித்தார் என்று கேட்டார். “சத்தியமா ஒரு சொட்டு இல்ல சார்” என்றேன். அதன் பிறகு அண்ணி மாத்திரை அட்டையோடு வந்து, குடியை நிறுத்தும் மாத்திரையை இருபது நாளாக அண்ணனுக்குத் தெரியாமல் காப்பியில் கலந்ததாகச் சொன்னார். “நீ நாள் எண்ணினத நான் நம்பலப்பா. அந்த வாடை வந்ததும், மாத்திரை வேலை செய்யுதுன்னு நிம்மதியா இருந்தேன்” என்றார்.

வாடையே அந்த மாத்திரையால்தான் என்றும், அதோடு துளி ஆல்கஹால் சேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து என்றும் டாக்டர் சொன்னார். என் பையிலிருந்த புதினா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்தது.

இன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் கண் விழித்தார். “நாப்பத்தொண்ணு போட்டுட்டியாடா?” என்று கேட்டார்.

இந்த நிமிடம் வரை நான் போடவில்லை.

இதைப் போலீஸ்காரர்கள் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்தது இதுதான், யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(கையொப்பம்)