கார் விற்றவருக்கு ஒரு விருந்து

சாரல் நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெரியவரும் ஓர் இளைஞரும். பெரியவர் அண்மையில் வெளியூரில் வாங்கிய பழைய கார், போகிற வழியெல்லாம் நின்றுவிடுகிறதாம்.

“வித்த கடைக்காரன் மேல யாருகிட்ட பெட்டிசன் போடணும் தம்பி?”

“பெட்டிசன் எதுக்கு அண்ணாச்சி? அவனைக் குடும்பத்தோட சீசனுக்குக் கூப்பிட்டு விருந்து வையுங்க.”

பெரியவர் இளைஞர் பக்கம் திரும்பினார்.

“தென்காசி ஸ்டேஷன்லேருந்து அந்தக் கார்லயே கூட்டிட்டு வாங்க. வழியில நின்னுரும்லா? மழையில இறங்கித் தள்ளுனா, அவன் பொண்டாட்டியே உங்க பெட்டிசனை வாசிச்சிருவா.”

“கூப்பிட்டேன் தம்பி. வந்தான். கார் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல நிக்கேன். ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’னுட்டு, குடும்பத்தோட பஸ் ஏறிட்டான்.”