தங்கையின் கைநடுக்கம்

எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துத்தான் நான் பேசுவேன், மேடம். முறைக்கிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை, தொழில் பழக்கம்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினேழு வருடமாகப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெட்டும் இயந்திரங்கள் ஓடுகிற இடம். ஆள் நிதானம் தவறினால் விரல் போய்விடும். அதனால் போதை மாத்திரையோ பொடியோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று நிர்வாகம் எங்களில் நான்கு பேருக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தியது. கருவிழி விரிந்திருக்கும். உடம்பு இளைக்கும். தூக்கம் வராது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கும், கை நடுங்கும். ஓயாமல் பேசுவார்கள், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவார்கள். இதே அடையாளங்கள் சில நோய்களுக்கும் உண்டு, மருத்துவர் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள் என்றும் வகுப்பெடுத்தவர் சொன்னார். அதையும் என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மற்ற மூவரும் மத்தியானச் சாப்பாட்டோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். நான் அடுத்த வாரமே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநரை நிறுத்தி, காலுறையைக் கழற்றச் சொன்னேன். பொட்டலம் உள்ளே இருந்தது. அன்று முதல் எனக்கு 'ஸ்கேன் அக்கா' என்று பெயர். அவரோடு சேர்த்து ஏழு பேரைப் பிடித்திருக்கிறேன். என் கணிப்பு ஒன்றுகூடத் தவறவில்லை.

தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. எனக்கு வந்த இரண்டு வரன்களையும், அவள் ஒரு நிலைக்கு வரட்டும் என்று நானே திருப்பி அனுப்பினேன். இதைச் சொல்லிக்காட்டுவதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவளுக்குப் பேக்கரியில் வேலை. கேக்கின் மேல் ஐசிங்கில் பெயர் எழுதுவாள். அச்சடித்தது போல இருக்கும். போன வருடக் கடைசியில் அந்த எழுத்து கோணத் தொடங்கியது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள், ஆனாலும் சட்டை தோளில் நிற்கவில்லை. எல்லோரும் போர்த்திக்கொள்கிற குளிரில் இவள் மட்டும் விசிறியைப் போட்டாள். கண்கள் பெரிதாகி, எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் போல விழித்தாள்.

"என்னடி போட்டுக்கிற?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"என்னக்கா கேக்குற?"

"கைய நீட்டு."

நீட்டினாள். விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்து அவளே சிரித்தாள். "வீட்டுலயும் டியூட்டியா? உனக்கு யாரப் பாத்தாலும் காலுறையக் கழட்டணும்."

என் வேலையைப் பற்றி யாரும் என் முகத்துக்கு நேரே சிரித்ததில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் கல்யாணப் பேச்சை எடுத்தாள். அதே பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன். ரொட்டிக்காரன் என்று நான் அவனுக்குப் பெயர் வைத்திருந்தேன்.

"ரெண்டு மாசத்துல கட்டிக்கப் போறோம்க்கா. பேக்கரி மாடியிலயே வீடு பாத்தாச்சு."

"அப்ப நான்?"

"நீ இனிமேலாவது உனக்குன்னு இரு. எனக்காக இருந்ததெல்லாம் போதும்."

போதும் என்று யார் சொல்ல வேண்டும், மேடம்? இருபத்திமூன்று வருடம் கொடுத்தவள் சொல்ல வேண்டுமா, வாங்கிக்கொண்டவள் சொல்ல வேண்டுமா? நான் சத்தம் போடவில்லை. அவள் குளிக்கப் போனபோது அவளுடைய கைப்பையைத் திறந்து பார்த்தேன். மாத்திரை அட்டைகள் இரண்டு இருந்தன. மடித்த காகிதங்களும் இருந்தன. மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

சனிக்கிழமை காலையில், அலமாரியில் ஏதோ எடுக்கச் சொல்லிப் பின்னறைக்கு அனுப்பி, கதவைப் பூட்டினேன். கழிப்பறை சேர்ந்த அறைதான். நடைப்பக்க ஜன்னல் கம்பி வழியாகச் சாப்பாடு கொடுத்தேன். வெந்நீர்கூடக் கொடுத்தேன். கைபேசி என்னிடம் இருந்தது. பக்கத்தில் தகரப் பட்டறை, பகல் முழுக்க அடி விழும் சத்தம். இருந்தும் எதிர்வீட்டம்மாவுக்கு இவள் கூப்பிட்டது கேட்டிருக்கிறது.

"போதை மாத்திரைப் பழக்கம். நிறுத்தறதுக்காகப் பூட்டி வச்சிருக்கேன்" என்றேன்.

"நல்ல காரியம். என் கொழுந்தனுக்கு இப்படிச் செய்ய ஆளில்லாமத்தான் குடும்பமே சீரழிஞ்சுது" என்றார் அந்த அம்மா. போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாள் தங்கை கத்தினாள், கதவை உதைத்தாள். மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"அக்கா, அது தைராய்டு மாத்திரை. உன்ன பயமுறுத்த வேணாம்னுதான் சொல்லல. சீட்டு பைலதான் இருக்கு, எடுத்துப் பாரு. நெஞ்சு படபடன்னு அடிக்குது. என்னால முடியல."

"எல்லாரும் முதல்ல இப்படி ஏதாவதுதான் சொல்வாங்க" என்றேன்.

நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. வாந்தி எடுத்தாள். என்னை அம்மா என்று கூப்பிட்டாள். அன்று ரொட்டிக்காரன் வாசலில் வந்து நின்றான். போன் எடுக்கவில்லையே என்றான். அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள், உன்னிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. பட்டறைச் சத்தத்தில் அவனுக்கு உள்ளிருந்து எதுவும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. மத்தியானம் தட்டை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

சட்ட உதவி என்று நீங்கள் ஏற்பாடு செய்த வக்கீல் நல்லவர்தான். போதைப் பழக்கம் என்று தவறாகப் புரிந்துகொண்டு, பாசத்தால் செய்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார். எதிர்வீட்டம்மா சாட்சி சொல்வாராம். எல்லோரும் இரக்கப்படுவார்களாம். இந்தச் சிறைக்கு வந்தபிறகு எனக்கு உண்மையாக ஆத்திரம் வந்தது அதைக் கேட்டுத்தான். பதினேழு வருடம் வேலை பார்த்தவளை, ஆளைப் பார்த்து அடையாளம் காணத் தெரியாதவள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்.

அந்தக் காகிதங்களை நான் வெள்ளிக்கிழமையே படித்துவிட்டேன், மேடம். மாத்திரையைக் கொட்டுவதற்கு முன்பே. ஒன்று ரத்தப் பரிசோதனை முடிவு, இன்னொன்று மருத்துவர் சீட்டு. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது, இளைப்பதும் நடுங்குவதும் அதனால்தான் என்று இருந்தது. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் இரண்டு மாதத்தில் தேறிவிடலாம் என்றும் எழுதியிருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

தேறினால் கிளம்பிவிடுவாள்.

அதனால் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதாதீர்கள். தெரிந்துதான் பூட்டினேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை நான் கைவிட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. கடைசி மூச்சு வரை அவள் என்னோடுதான் இருந்தாள்.