கௌபாய் படத்துக்கு ஒரு துணை

இந்தப் படங்களை யாரும் முழுதாக உட்கார்ந்து பார்ப்பதில்லை, சார். எல்லோருக்கும் அவசரம். ஹாலிவுட்டில் சினிமா பேசத் தொடங்கிய புதிதில், கையில் காசில்லாதவர்கள் எடுத்த கௌபாய் படங்கள் இவை. பின்னணி இசைக்கு வழியில்லை; குளம்புச் சத்தம்தான் கேட்கும். துரத்தும்போது ஒரே பாறையை மூன்று தடவை கடப்பார்கள். பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். நான் அந்தப் பாறைமேல் வெயில் நகர்ந்திருப்பதைப் பார்ப்பேன். காலையில் வந்தவர்கள் சாயங்காலம்வரை அங்கேயே பாடுபட்டிருக்கிறார்களே என்று மனசு இளகிப்போகும்.

என் மனைவி பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். அடுப்பு என்பாள், துணி என்பாள், அக்கா போன் என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான்.

போன மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை. மாவுக்கட்டோடு மாடியறையில் கிடந்தவளுக்குப் பொழுது போகட்டுமே என்று கட்டிலுக்கு எதிரே திரையைக் கட்டினேன். முதலில் முனகினாள். பிறகு ஒருநாள் தானாகவே, "இப்ப இந்தப் பாறைல நிழல் விழுந்துடுச்சு, பாத்தீங்களா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

கட்டைப் பிரித்தார்கள். "நாளைக்குக் காலையில அக்கா வீட்டுக்குப் போறேன். கொஞ்ச நாளாவது இந்தக் குதிரைங்க இல்லாம நிம்மதியா தூங்கணும்" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும், புரொஜெக்டருக்கு விடும் எண்ணெயை மேல்படியில் கொஞ்சம் தடவிவைத்தேன். அவள் கைத்தடியின் அடியிலும் தடவினேன். மறுபடி கால்தான் முறியும் என்று நினைத்தேன். முதுகெலும்பை நான் யோசிக்கவே இல்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

கழுத்துக்குக் கீழே இனி அசைவு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரையை அந்தச் சுவருக்கு மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டாள். சத்தத்தைக் கூட்டினேன். "கையெடுத்துக் கும்பிட முடியலைங்க. வாயால கேட்டுக்கறேன், நிறுத்துங்க" என்றாள். நல்ல கட்டம் வரும்போது குறுக்கே பேசுவது அவளுக்குப் பழைய வழக்கம்.

நான் அவளை அடைத்துவைத்திருந்ததாக அவள் அக்கா புகார் கொடுத்திருக்கிறார். அதுதான் எனக்குப் புரியவில்லை. அந்த அறைக்கதவை நான் பூட்டியதே இல்லை, சார். அவள்தான் ஒருநாள்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை.