மாமா படித்த பெயர்

— ஆப்பரேஷன்தான் வேணும் தங்கச்சி. கண்ணாடி எல்லாம் வேணாம். கண்ணாடி வாங்கவா மாசாய் ஊரிலிருந்து இந்தப் புள்ளையை லீவு போட வெச்சுக் கூட்டிட்டு வந்தேன்?

— அங்கிள், நான் வேணாம்னு சொல்லல. டாக்டர் சொன்னதைத்தான் திரும்பச் சொல்றேன். உங்க கண்ணு நல்லா இருக்கு. புரை இல்ல, பிரஷர் இல்ல, நரம்பும் நல்லா இருக்கு. உங்களுக்கு ஐம்பத்து நாலு வயசு. இந்த வயசுல கிட்டத்துல பாக்கிறது எல்லாருக்கும் மங்கும்.

— எல்லாருக்குமா?

— எல்லாருக்கும்தான். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக ஆக இறுகிடும். முன்ன மாதிரி வளைஞ்சு குடுக்காது. எனக்கும் ஒரு நாள் வரும். இதோ உங்க மகளுக்கும் வரும்.

— மகள் இல்லம்மா, மருமக. என் தங்கச்சி பிரேமலா பொண்ணு, ஷர்மினி. நான் தாய்மாமன். எங்க ஊரு உலு திராம்ல போய் மகேஸ்வரன்னு கேட்டுப் பாரு, தெரியாதவன் கிடையாது. இப்ப இன்னும் நல்லாத் தெரியும். மூணு வாரமா என்னை வெச்சுத்தான் சிரிச்சுக்கிட்டு இருக்கானுங்க.

— மாமா, மெதுவா. வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க.

— உக்காரட்டும். போன மானம் இங்க கத்தினாத்தான் போகப் போகுதா?

— அங்கிள், என் பேரு லோஷினி. கண்ணைச் சோதிக்கிறது, ஆப்பரேஷனுக்கு முன்னாடி ஆளுங்ககிட்ட உக்காந்து பேசுறது, ரெண்டும் என் வேலை. ஒண்ணு கேக்கவா? கண்ணாடி போட்டா உங்களுக்கு நல்லாத் தெரியுது. சோதிச்சப்ப கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சீங்க. அப்புறம் எதுக்கு ஆப்பரேஷன்?

— சொல்றேன். இந்தப் புள்ளைக்குப் பரிசம் போட்டோம்.

— மாமா, இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?

— டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கக் கூடாது. கேளு தங்கச்சி. மாப்பிள்ளை பேரு விஜயன், தங்காக்ல துணிக்கடை வெச்சிருக்கிற குடும்பம். நல்ல மனுஷங்க. இருபத்தொரு தட்டோட வந்து உக்காந்தாங்க. நம்ம பக்கம் சபையில எழுந்து படிக்கிறது யாரு? தாய்மாமன். இன்னார் மகளை இன்னார் மகனுக்கு, இன்ன தேதி, இன்ன மண்டபம்னு ஒரு தாள்ல இருக்கும். ரெண்டு பக்கமும் கேக்கிற மாதிரி சத்தமாப் படிக்கணும்.

— தெரியும் அங்கிள். எங்க அக்காவுக்கும் அப்படித்தான் படிச்சாங்க.

— அன்னைக்கு மீசைக்கு மை போட்டு, பத்திக் சட்டை போட்டு, மாப்பிள்ளையை விட நான்தான் ஜோரா இருந்தேன். கண்ணாடி மோட்டோ பைக் சீட்டுக்கு அடியில கிடந்துச்சு.

— போட்டுக்கல?

— நூத்தம்பது பேரு முன்னாடி, மூக்கு நுனியில கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கிழவன் மாதிரியா? மாலு லா. வெக்கமா இருந்துச்சு. நமக்குத் தெரிஞ்ச விஷயம்தானேன்னு முன்னாடி தாளைப் பிரிச்சுக்கூடப் பாக்கல, சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். தாளைக் கை நீட்டிப் பிடிச்சேன். இன்னும் நீட்டினேன். கைதான் நீளம் பத்தல. மனப்பாடத்துல பாதி, தாள்ல பாதின்னு படிச்சுக்கிட்டே போனேன். மாப்பிள்ளை பேரு வந்த இடத்துல, திருவளர்செல்வன் சரண்னு படிச்சுட்டேன்.

— மாப்பிள்ளை பேரு விஜயன்னு சொன்னீங்க?

— அதான் தங்கச்சி வினையே.

— சரண் யாரு?

— மாமா, போதும்.

— சிங்கப்பூர்ல இவ கூட வேலை செஞ்ச பையன். ரெண்டு வருஷம் பழக்கம். என் தங்கச்சி ஒத்துக்கல, நானும் அம்மா பேச்சைக் கேளும்மான்னு சொல்லிட்டேன். அது முடிஞ்சு போன கதை. ஆனா வீட்டுல அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டதுல, என் மண்டைக்குள்ள எங்கயோ ஒட்டிக்கிச்சு. கண்ணு தெரியல, வாய் அந்தப் பேரைத் துப்பிடுச்சு. 

— அலாமாக், அடக் கடவுளே.

— மாப்பிள்ளையோட பெரியப்பா எழுந்து, 'யாருங்க சரண்?'னு மரியாதையாத்தான் கேட்டாரு. என் பொண்டாட்டி 'ஐயோ'ன்னு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தினா. அது போதாதா? வந்த தட்டு இருபத்தொண்ணும் அப்படியே வேன்ல ஏறிடுச்சு.

— சாரி அங்கிள். சாரி, சிஸ்டர்.

— பரவாயில்லக்கா.

— ரெண்டு தடவை தங்காக் போனேன். கடை வாசல்ல கை கட்டி நின்னேன். எனக்குக் கண்ணுல கோளாறு, ஆப்பரேஷன் வரைக்கும் போயிடுச்சு, எழுத்தே தெரியல, பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொன்னேன். விஜயனோட அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாங்க. 'முதல்ல கண்ணைப் பாருங்க, அப்புறம் பேசலாம்'னாங்க. இப்ப நான் பத்து வெள்ளி காசு குடுத்து வாங்கின கண்ணாடியோட போய் நின்னா நம்புவாங்களா? கண்ணுல கட்டோட போகணும்.

— அங்கிள், யாரையோ நம்ப வைக்கிறதுக்கா கண்ணுல கத்தி வைப்பாங்க?

— நீ கத்திய வை. நம்ப வைக்கிறதை நான் பார்த்துக்கிறேன்.

— சரி, இருக்கிறதைச் சொல்லிடறேன். நல்லாக் கேளுங்க. முதல் வழி லேசர். ஒரு கண்ணைத் தூரத்துக்கு விட்டுட்டு, இன்னொரு கண்ணைக் கிட்டத்துக்கு மாத்துவாங்க. மூளை ரெண்டையும் சேர்த்துப் பழகிக்கணும். எல்லா மூளையும் பழகாது. அதுக்குத்தான் போன வாரம் அதே மாதிரி காண்டாக்ட் லென்ஸ் போட்டு அனுப்பினோம். எப்படி இருந்துச்சு?

— முதல் தரம்.

— மாமா.

— என்ன மாமா?

— வாசப்படியில ரெண்டு தடவை தடுக்கினீங்க. தே தாரிக் டீயைக் கப்புக்குப் பக்கத்துல ஊத்தினீங்க. அத்தைதான் துடைச்சாங்க.

— கப்பு சின்னது.

— அப்போ லேசர் உங்களுக்குச் சரி வராது அங்கிள்.

— கண்ணு மேல சின்னதா ஒரு வளையம் வைப்பாங்களாமே? என் கூட வேலை செய்ற மூர்த்தி சொன்னான்.

— முன்ன செஞ்சாங்க. நிறைய பேருக்கு அப்புறம் எடுக்க வேண்டியதாப் போச்சு. நாங்க செய்றதில்ல.

— பின்ன என்னதான் செய்வீங்க?

— இன்னொண்ணு இருக்கு. உள்ள இருக்கிற லென்ஸையே எடுத்துட்டு, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி செஞ்ச லென்ஸை வைப்பாங்க. புரை ஆப்பரேஷன் மாதிரியேதான். ஆனா உங்களுக்குப் புரை இல்ல. நல்லா இருக்கிற லென்ஸை எடுக்கப் போறோம். எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. ராத்திரியில லைட்டைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியும். கொஞ்ச மாசத்துல பழகிடும்னு சொல்வாங்க. சிலருக்குப் பழகாது.

— அது போதும். அதையே வைங்க.

— நீங்க ராத்திரியில வண்டி ஓட்டுற ஆளா அங்கிள்?

— சேச்சே. ஏழு மணிக்கு மேல கதவைச் சாத்திடுவேன்.

— சரி. இது சம்மத ஃபார்ம், நாலு பக்கம். இன்னைக்கே சைன் போடணும்னு கட்டாயம் இல்ல. வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சுட்டு வரலாம்.

— இங்கயே படிக்கிறேன்.

— கண்ணாடி?

— மருமக படிப்பா.

— ஓகே. பக்கத்து ரூம்ல ஒரு ஆளைச் சோதிச்சுட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன். சிஸ்டர், ஒண்ணு விடாம படிச்சுக் காட்டுங்க, ப்ளீஸ்.

— சரிக்கா.

— போயிட்டாளா? ம், படி. என்ன அப்படிப் பாக்கிற?

— ராத்திரி வண்டி ஓட்டலன்னு சொன்னீங்க.

— ராத்திரி எங்க ஓட்டறேன்? காலையிலதானே ஓட்டறேன்.

— நாலரை மணிக்கு வேலைக்கு மோட்டோ எடுக்கிறீங்க மாமா. அது காலையா? சிங்கப்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் இருட்டுத்தான். முன்னாடி லாரி, பின்னாடி பஸ், பக்கத்துல ஆயிரம் மோட்டோ. எல்லா லைட்டையும் சுத்தி வளையம் தெரிஞ்சா என்ன செய்வீங்க?

— இருபத்தாறு வருஷமா ஓட்டறேன். கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்.

— விளையாடாதீங்க.

— விளையாடல. ஓட்ட முடியலைன்னா இங்கயே பாசிர் கூடாங்ல ஏதாவது கம்பெனியில வாட்ச்மேனாப் போறேன். படிம்மா.

— 'இந்த ஆப்பரேஷன் அவசியமானதில்ல, என் விருப்பத்துலதான் செய்றேன்.'

— ஆமா, விருப்பம்தான். அடுத்தது.

— 'ஆப்பரேஷனுக்கு அப்புறமும் சில நேரத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.'

— அடச்சீ. அப்புறமும் கண்ணாடியா? சரி, போகட்டும். அடுத்தது.

— 'கண்ணுக்குள்ள கிருமி போகலாம். லென்ஸ் இடம் மாறலாம். விழித்திரை பிரியலாம். ரொம்ப அபூர்வமா...'

— ரொம்ப அபூர்வமா?

— 'பார்வையே போகலாம்.'

— எத்தனை பேருக்கு?

— அது போடல மாமா. இத்தோட நிறுத்திக்கலாமா?

— எதுக்கு நிறுத்தணும்? ஏன் தாளை மடிச்சு வெக்கிற? பயமா இருக்கா?

— இல்ல.

— ஷர்மி, இங்க பாரு. நீ எதுக்கும் பயப்படாத. நான் வெக்கப்படறது கண்ணுக்காக இல்ல. கோயில்ல என்னைப் பாத்து இளிக்கிறானுங்க, இளிச்சுட்டுப் போறானுங்க. ஆனா போன வெள்ளிக்கிழமை பூ விக்கிற கிருஷ்ணம்மா என்ன சொன்னா தெரியுமா? 'உங்க மருமகளுக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருந்தானாமே'ன்னு. நின்ன இடத்துலயே செத்துட்டேன். உன் அப்பா போனப்ப உனக்கு ஏழு வயசு. உன்னை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல விட்டதில்ல நான். கடைசியில அந்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்துடுச்சு. வறட்டுக் கவுரவத்துல, ஒரு கண்ணாடிய எடுத்து மாட்டாம, சபையில உன்னை அம்மணமா நிக்க வெச்சுட்டேன்.

— அப்படிச் சொல்லாதீங்க மாமா.

— வேற எப்படிச் சொல்றது? உன் அம்மா என்கூடப் பேசி மூணு வாரம் ஆச்சு. எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிறா. அவ செய்றது நியாயம்தான். கண்ணுல கட்டோட போய் அந்த அம்மா கால்ல விழறேன். பரிசத்தைத் திரும்பப் போட வைக்கிறேன். அதுக்கப்புறம் இந்தக் கண்ணு எனக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? படி, இன்னும் எவ்வளவு இருக்கு?

— ஒண்ணுதான். 'இருட்டுல வண்டி ஓட்டுற வேலையா? ஆமா, இல்ல.'

— இல்லைக்கு டிக் போடு.

— மாட்டேன்.

— அட, ஒரு டிக் தானே. போடும்மா. சரி விடு, பேனாவைக் குடு, நானே போடறேன். எங்க சைன் போடணும்? விரல் வெச்சுக் காட்டு, எனக்கு எல்லாம் ஒரே மங்கலா இருக்கு.

— போடாதீங்க மாமா. உங்க கண்ணு மேல தப்பு இல்ல.

— பின்ன யாரு மேல? விஜயன் மேலயா? விடு, பேனாவை விடு.

— நீங்க சரியாத்தான் படிச்சீங்க.

— என்ன?

— தாள்ல சரண் பேருதான் இருந்துச்சு. நான்தான் டைப் பண்ணினேன். கலாட்டாவுல உங்க கையிலிருந்து கீழ விழுந்துச்சு, யாரும் பாக்கிறதுக்குள்ள எடுத்துக் கிழிச்சுட்டேன்.

— நீயா?

— தினமும் சொல்லணும்னுதான் வருவேன். வாயே வராது. நீங்க தங்காக்ல கை கட்டி நின்னப்ப நான் கார்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். கேவலமா இருந்துச்சு மாமா. அப்பவும் இறங்கி வரல.

— ஷர்மி... அவனைத்தான் வேணும்னா வீட்டுல சொல்லியிருக்கலாமே. சபையில வெச்சு, என் வாயால...

— சபைக்கு டைப் பண்ணல மாமா. உங்களுக்குத்தான் டைப் பண்ணினேன். முதல் நாள் சாயங்காலமே உங்க கையில குடுத்தேனே. வீட்டுல உக்காந்து ஒரு தடவை படிச்சுப் பாப்பீங்க, பாத்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு என்னம்மா இதுன்னு கேப்பீங்கன்னு, அன்னைக்கு ராத்திரி பூரா ஃபோனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.