நாகராசு விரலும் சுகர் மிசினும்

காத்தாயி: விரல இழுக்காதய்யா! மறுபடியும் எர்ரர்ங்குது பாரு.

நாகராசு: நான் எங்க இழுத்தேன்? அதுவாத் துள்ளுது.

காத்தாயி: ரத்தம் பத்தலையாம். ஒரு சொட்டுக்கு இம்புட்டுக் கருமித்தனமா?

நாகராசு: குவாரியில கல்லு ஒடைச்சுக் காச்ச கைடி. உளியே எறங்காது, இந்தக் கொசு ஊசி எறங்கிருமாக்கும்?

காத்தாயி: விரலு நடுவுல குத்தினா எறங்காது, ஓரத்துல குத்தணும். கையத் தொங்கப் போட்டு ஒதறு... ம், இப்பக் குடு.

நாகராசு: ஆத்தே!

காத்தாயி: கத்தாத. கெடா வெட்டுறாகன்னு பக்கத்து வீட்டுல சட்டியத் தூக்கிக்கிட்டு வந்துருவாக.

நாகராசு: எவ்வளவு காட்டுது?

காத்தாயி: நானூத்திப் பன்னெண்டு!

நாகராசு: அடடா... எரநூறுக்குள்ள வந்தாத்தான நாளைக்குக் குடலெறக்கத்துக்கு ஆபரேசன்னு டாக்டர் சொன்னாரு? போச்சு. அடுத்த மாசம் பாத்துக்கிருவம்னு நர்சம்மாவுக்குப் போனப் போடு.

காத்தாயி: போச்சுங்கிற... மூஞ்சியில இம்புட்டு வெளிச்சம் அடிக்குது? விரல இங்கிட்டுக் காட்டு.

நாகராசு: எதுக்கு?

காத்தாயி: மோந்து பாக்க.

நாகராசு: நீ என்ன நாயா...

காத்தாயி: பலாப்பழம்!

நாகராசு: திங்கல! ஒன் மேல சத்தியமாத் திங்கல.

காத்தாயி: பின்ன?

நாகராசு: ...சும்மா விரல்ல தடவினேன்.

காத்தாயி: அட நாசமாப் போற மனுசா! அப்ப போன மாசம் ஆபரேசன் தள்ளிப் போனதும்...

நாகராசு: அது சீனி.

காத்தாயி: எந்திரி! சோப்புப் போட்டுக் கழுவு. ஈரம் இல்லாம நல்லாத் தொட... அந்தக் கை வேணாம், இந்தக் கையக் குடு.

நாகராசு: ஆ...!

காத்தாயி: நூத்தி அறுவத்து நாலு. கைலி துண்ட எடுத்துப் பையில வையி. இன்னிக்கே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிப் படுத்துருவோம்.

நாகராசு: வெடி வச்ச பாறைக்குக் கிட்ட நின்னவன்தான் நான். ஆனா ஆளத் தூங்க வச்சுட்டு வயித்தக் கிழிக்கிறதுங்கிறது...

காத்தாயி: கிழிக்காட்டி குடல் முறுக்கிச் செத்துருவன்னாரே, அது காதுல விழுகலையா?

நாகராசு: அது கெடக்கட்டும். மொதல்ல எர்ரர், அப்புறம் நானூறு, இப்ப நூத்தி அறுவது. இந்தக் கிறுக்கு மிசின நம்பியா வயித்தக் குடுக்கச் சொல்ற? ஒனக்குத்தான் ஒரு சீக்கும் இல்லையே, ஒன் விரல்ல குத்து. நூறு, நூத்திப் பத்துன்னு காட்டட்டும், பஸ் ஏறுறேன்.

காத்தாயி: எனக்கு எதுக்கு... அடுப்புல ஒலை கொதிக்குது...

நாகராசு: பாத்தியா! ஒனக்கே நம்பிக்கை இல்ல. மிசின்தான் கோளாறு. நான் எங்கிட்டும் வரல.

காத்தாயி: இருய்யா... மிசின் நல்லாத்தான் இருக்கு. காலையில என் விரல்ல முந்நூத்திப் பத்து காட்டுச்சு. நேத்து நர்சம்மா மிசின்லயும் அதேதான். நீ ஆபரேசன் முடிஞ்சு எந்திரிக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு இருந்தேன், கக்க வச்சுட்ட. பைய எடு. மொதல்ல ஒன்னையத் தச்சு முடிக்கட்டும், அப்புறம் என்னையப் பாக்கலாம்.