மேனேஜருக்கு மாதிரித் தேர்வு

நாற்காலி வேண்டாம் சார், நின்றுகொண்டே சொல்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவன். உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. மேசை ஆடும், நீங்கள் எழுதுவது கோணலாகிவிடும்.

மேனேஜர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் ஒரு நாய். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். எனக்கு மேல்மாடியில் இருந்த டீச்சர் வைத்த பெயர். "ஒரு வேலையும் செய்யறதில்ல, ஆனா யார் எங்க போனாலும் பின்னாலயே வந்து நின்னு பார்ப்பான். வேற என்ன பேர் வைக்கிறது?" என்பார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றும் தெருவுக்கே அவர் டீச்சர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவு என்று வேறு ஊரில் அண்ணன் மகன் ஒருவர். கூடவே இருந்தது ஆஸ்துமா.

போன குளிர்காலத்தில் மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரும்வரை மேனேஜர் என் அறையில் இருந்தான். முதலில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு சாயங்காலம் எழுந்து வந்து, என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அறை அமைதியாகிவிட்டது. என் கால் ஆடாமல் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு சாயங்காலம்தான்.

டீச்சர் வீட்டுக்கு வந்ததும் ஒரே கவலை.

"நான் போயிட்டா இவன் கதி என்ன தம்பி? என் அண்ணன் பையன் ஃபோன்ல சொல்றான், 'அத்தை, நாய்க்கெல்லாம் காப்பகம் இருக்கு'ன்னு. முதல்ல அவனைச் சேர்க்கணும் காப்பகத்துல."

"நான் பார்த்துக்கறேன் டீச்சர்."

"சொல்றது சுலபம். பரீட்சை வெச்சாத்தான் பாடம் ஏறிச்சா இல்லையான்னு தெரியும். பெரிய பரீட்சைக்கு முன்னாடி மாதிரித் தேர்வு வைப்போம்."

மாதிரித் தேர்வு என்றால் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீச்சர் செத்துப்போவார். அதாவது, உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். நான் வெளியே தாழ்ப்பாள் போடுவேன். தாழ்ப்பாள் அவருடைய யோசனை. மனசு தாங்காமல் தானே எழுந்து வந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். மேனேஜர் கதவைப் பிறாண்டுவான், நான் கூப்பிடுவேன். அவன் என்னிடம் வந்து, சாப்பிட்டு, என் பக்கத்தில் படுத்தால் தேர்ச்சி. உள்ளே தண்ணீர், ஒரு புத்தகம், இன்ஹேலர் மூன்றும் இருக்க வேண்டும். அவர் என்ன கத்தினாலும் நான் திறக்கக் கூடாது என்பது விதி.

ஆரம்பத்தில் எல்லாம் சிரிப்பாகத்தான் போனது.

"தம்பி, நான் செத்து எவ்வளவு நேரமாச்சு? இடுப்பு வலிக்குது."

"பொணம் பேசக்கூடாது டீச்சர்."

அவர் சிரித்துவிடுவார். சிரிப்பைக் கேட்டு மேனேஜர் குரைப்பான். தேர்வு கெட்டுவிடும். அடுத்த ஞாயிறு மறுபடி சாவார்.

பிறகு ஒரு ஞாயிறு, அவர் உள்ளே போன உடனே மேனேஜர் நேராக என்னிடம் வந்து படுத்துவிட்டான். டீச்சர் வெளியே வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே வாலை இரண்டு தடவை தரையில் தட்டினான். "நூத்துக்கு நூறு" என்று சொல்லிவிட்டு டீச்சர் சமையலறைக்குப் போனார். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த வாரமே வந்து சொன்னார்.

"போதும் தம்பி இந்த விளையாட்டு. அண்ணன் பையன் வீட்டுல கீழ் ரூம் காலியா இருக்காம். தோட்டம் வேற. நானும் மேனேஜரும் அங்கேயே போயிடறோம்."

"காப்பகம்னு சொன்னவராச்சே."

"அவன் கிடக்கான். அவன் பொண்டாட்டிக்கு நாய்ன்னா உசிரு. எனக்கப்புறம் அவ பார்த்துப்பா."

சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷம் என்றேன். அதற்கப்புறம் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கடையிலிருந்து வீட்டுக்கு ஐந்து தெரு சுற்றி நடந்து வந்தேன். வந்ததும் மறுபடி கிளம்பினேன். ஒரு பெரியவருக்கு வலது கண்ணாடியை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். தரையெல்லாம் பள்ளமாகத் தெரிகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார். "உனக்கே ஒண்ணு போடணும் போலிருக்கே" என்றார் முதலாளி.

ஆனால் யோசித்தது தெளிவாகத்தான் யோசித்தேன். தேறிய பிள்ளையை மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைப்பது நியாயமா? மேனேஜர் என்னிடம் வரப் படித்துவிட்டான். இனி இன்னொரு வீடு, இன்னொரு முகம், இன்னொரு வாசனை. அந்தச் சின்னத் தலைக்குள் எத்தனை வீட்டைத்தான் அடைக்க முடியும்?

"போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தேர்வு டீச்சர். என் ஆசைக்கு."

"உனக்குத்தான்டா நான் தேர்வு வெச்சிருக்கணும்" என்று சிரித்து, என் தலைமுடியைக் கலைத்துவிட்டார்.

அன்று அறையை நான்தான் தயார் செய்தேன். வீடு மாற்ற மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் எங்கும் தூசி. உள்ளறை மெத்தையை நன்றாகத் தட்டிப் போட்டேன், ஜன்னலைச் சாத்திவிட்டு. தண்ணீர் வைத்தேன். புத்தகம் வைத்தேன். அவர் போய்ப் படுத்தார். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இருமல் ஆரம்பித்தது. பிறகு கதவைத் தட்டினார். வழக்கமாக மனசு தாங்காதபோது மேனேஜரைத்தான் கூப்பிடுவார். அன்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி... இன்ஹேலர் இல்ல. விளையாட்டு இல்லப்பா, திற."

நான் மேனேஜரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் தட்டிவிட்டு அவர் நிறுத்திவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பிறகு குரல் கதவின் அடியிலிருந்து, தரையோடு தரையாக வந்தது.

"அவனைக் கீழ கூட்டிட்டுப் போ. இதை அவன் கேக்க வேணாம்."

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார். கடைசி வரைக்கும் அவர் அவனை என்னிடம்தான் ஒப்படைத்தார். அவர் சொன்னதை நான் மீறவில்லை.

அண்ணன் மகன் இதை விபத்து என்கிறார், என் மேல் பரிதாபப்படுகிறார். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் எடுத்தேன். தட்டும் சத்தம் நின்ற பிறகும் நான் திறக்கவில்லை.

கையில் என்ன கட்டு என்று கேட்டீர்கள். மேனேஜர் படியிறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். தூக்கிக்கொண்டு இறங்கினேன். அப்போது பிடித்தான். எலும்பு வரை பல் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கீழே வந்து, தெருமுனை தாண்டும்வரை அவன் விடவே இல்லை. பிரியம் இல்லாமல் யாராவது அப்படி விடாமல் பிடித்துக்கொள்வார்களா, சார்?