மேகத்துல ஏத்தின பேரு

ஹலோ... ஆங், வேல்ராஜ் அண்ணாச்சி, ஷெர்லின்தான் பேசுதேன். சொல்லுங்க... சொல்லுங்க... ஏன் இப்படி மூச்சு வாங்குது? எங்கன நிக்கிய?...

குற்றாலத்துல, உங்க வீட்டு வாசல்லயா?... சரி... சரி... விடியக்காலம் ஐந்தருவிக்குப் போனவரு மத்தியானந்தான் திரும்புதியளா! ஈரத் துண்டோடயா?... வீடு பூட்டியிருக்கா?... மதினி எங்கன்னு எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நான் என்ன உங்க வீட்டு வாட்ச்மேனா?... இல்ல, இல்ல, சிரிக்கல. இருமல். சாரல் காத்து ஒத்துக்கல.

பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி அக்காட்ட கேட்டியளா?... ஆட்டோவுல ஏறிப் போனாவளா... என்ன, போன்ல ஷெர்லின் ஷெர்லின்னு பேசிக்கிட்டேவா?... அந்த அக்காவுக்குக் காது ரொம்ப நீளந்தான்!

அத விடுங்க அண்ணாச்சி. காலையில உங்களுக்கு எத்தன தடவ அடிச்சேன்?... ஆமா... ஆமா, அருவிக்குள்ள போனக் கொண்டு போக முடியாதுதான். நான் குத்தம் சொல்லல. ஆனா நம்ம ரத்ததானச் சங்கத்துக்குச் செயலாளர் நீங்க. கொடையாளிங்க நம்பரு பூரா உங்க போன்லயும் மண்டையிலயுந்தான் இருக்குன்னு மேடைக்கு மேட சொல்லுதிய. ரெண்டும் சேந்து அருவிக்குப் போயிட்டா நான் என்ன செய்ய?

கேளுங்க... குறுக்கப் பேசாதிய, கேளுங்க. கடையத்துப் பிள்ள, பேரு மஞ்சு. தென்காசியில ஆஸ்பத்திரியில பிரசவம். குழந்த பொறந்திருச்சு, ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ். ரத்த வங்கியில இருந்தத ஏத்திட்டாவ, இன்னும் வேணும்ங்காவ. அவ புருசன் என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதான் அண்ணாச்சி. 

இருங்க, பதறாதிய. இப்ப நல்லா இருக்கா. கண்ணு முழிச்சு, பிள்ளயக் காட்டுங்கன்னு கேட்டுட்டா.

ஆமா, கிடைச்சிருச்சு... எப்படியா? நெட்டுல பேரு ஏத்தி வைக்கேன்னு நீங்க திட்டுவியளே, அந்தக் கிளவுடுல தேடித்தான்... "மலை மேல நிக்க மேகமே நம்மள நனைக்கி, அதுல போய் இவ பேர வைக்காளே, நனைஞ்சிராதா"ன்னு கமிட்டியில கேட்டது யாரு?... எல்லாரும் சிரிச்சாவ. நானுந்தான் சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டே ஒவ்வொரு முகாம்லயும் ரத்தம் குடுத்தவிய பேர அதுல ஏத்திட்டேன்.

யாரு, ஆலங்குளம் எபனேசரா?... அவரு போன மாசந்தான் குடுத்திருக்காரு. இப்ப எடுக்கக் கூடாதுன்னு அதுவே செவப்பு காட்டுது... யஹ்யாவா? அவரு துபாய் போயாச்சு. உங்க போன்ல மட்டும் இன்னும் தென்காசியில இருப்பாரு... கோவப்படாதிய. குரூப்பு, ஊரு, கடைசியா எப்ப குடுத்தாவன்னு மூணையும் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு பேரு வந்து நின்னுச்சு. கூப்பிட்டேன். "இந்தா வாரேன்"னு வந்து குடுத்திட்டாவ.

யாரா?... அத எப்படிச் சொல்ல? கொடையாளி விவரம் ரகசியம்லா... செயலாளருக்குக் கூடவான்னா, செயலாளருக்குப் பாக்க உரிமை உண்டு. ஐடி போட்டுக் குடுத்து எவ்வளவு நாளாச்சு? ஒரு தடவயாவது உள்ள போய்ப் பாத்தியளா?... அதானே.

ஒரு நிமிசம் இருங்க... ம்... சரி, சொல்லலாமாம்... யாருட்ட கேட்டேனா? அது எதுக்கு உங்களுக்கு?

குற்றாலந்தான்... ஆமா, பொம்பளதான்... ஆமா, உங்க தெருவேதான்... ஆனந்தவள்ளியா? அய்யோ, இல்ல. அதுக்கு அடுத்த வீடு... அந்தப் பக்கம் இல்ல அண்ணாச்சி. இந்தப் பக்கம்.

என்ன சத்தம் அண்ணாச்சி? போனக் கீழ போட்டுட்டியளா?

ஆமா. செண்பகவல்லி மதினிதான்... விளையாடல... சத்தியமா... இது மொதத் தடவயும் இல்ல, நாலாவது தடவ... உங்களுக்கு எப்படித் தெரியும்? முகாம்னா மைக்கப் பிடிச்சா விட மாட்டிய. மதினி பின்னால கேசரியக் கிண்டி இறக்கிட்டு, கையக் கழுவிட்டு, நேரா வந்து கட்டில்ல படுத்திருவாவ... ஏன் உங்ககிட்ட சொல்லலயா? நல்லாக் கேட்டிய போங்க! மொத முகாம்ல அத்தன பேரு முன்னால, "இவளுக்கு ஊசியக் கண்டாலே மயக்கம், இவளாவது குடுக்கதாவது"ன்னு சிரிச்சது யாரு?... உம்... உம்... மறந்திருப்பிய. அவிய மறக்கல. "அவரா கண்டுபிடிக்கட்டும், நீ வாயத் திறக்காதட்டி"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ.

இல்ல, மயக்கம் ஒண்ணும் இல்ல. ஜூஸு குடிச்சாவ. மஞ்சு பிள்ளய மடியில வாங்கிக் கொஞ்சினாவ. பொம்பளப் பிள்ள. அவ புருசன் மதினி கால்லயே விழப் போயிட்டான்...

அண்ணாச்சி... அழுதியளா?... சரி, சரி, அழல. அருவித் தண்ணிதான். தல துவட்டல, ஒத்துக்கிடுதேன்.

என்ன?... கேக்கல, கொஞ்சம் சத்தமா... உங்களுக்கு வாச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்னா?... ஆமா... ஆமா... இத என்னைக்காவது அவியட்ட சொல்லியிருக்கியளா?... ஒரு நாள் கூடயா? கல்யாணம் ஆன புதுசுல?... அப்பமும் இல்லயா! சரி, இப்பச் சொல்லிப் பழகுங்க. எப்படிக் கூப்பிடணும்னு ஆச... என்னது? ராசாத்தியா?... இங்கன ஒரே இரைச்சல் அண்ணாச்சி, இன்னொரு தடவ... இன்னும் சத்தமா... தெருவுல ஆளு பாத்தா பாத்துட்டுப் போறாவ, சொல்லுங்க...

ம், போதும். கேட்டுட்டாவ.

யாரா? மதினிதான். என் பக்கத்துலதான உக்காந்திருக்காவ. நீங்க ஹலோன்னதுல இருந்து ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன்... அண்ணாச்சி?... ஹலோ?... ஹலோ?

கட் பண்ணிட்டாரு மதினி.